சாரத்துக்கு ஒரு கைப்பிடி



இது நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் நடத்தாமல் விட்ட ஒரு வரலாற்றுப் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என் வீட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் குரூப்பில் ஒரு மாணவன் தான் கட்டும் வீட்டின் படத்தைப் போட்டிருந்தான். அழகான வீடு. இரண்டாம் மாடிக்கு வெளியே ஒற்றைப் பலகை. அதன்மேல் இரண்டு பேர் வெறுங்காலோடு நின்று பூச்சு வேலை செய்கிறார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கம்புகூட இல்லை. கீழே தரையில் செங்கல் குவியல். "நம்ம ஊரு ஆளுங்க திறமையே தனி" என்று ஒருவர் எழுதியிருந்தார். என்னால் வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. அந்தப் பலகையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

குரங்கணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2018 மார்ச் 11ஆம் தேதி நடந்த காட்டுத்தீதான் நினைவுக்கு வரும். நமக்கு அதற்கு முந்திய குரங்கணியும் தெரியும். கொட்டகுடி ஆறு, முந்தலிலிருந்து வரும் பாதை, மேலே டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலே ஓடாத மலைக்கு எதற்கு இத்தனை ஸ்டேஷன் என்று வகுப்பில் கேட்டிருக்கிறீர்கள். அவை ரோப்வேயின் ஸ்டேஷன்கள்.

1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியை இழுத்தவை மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் சின்ன ரயில் பாதை அமைத்தார்கள். டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் கீழே இறங்கிக் கொட்டகுடிக்கு வந்தன. அதற்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து 15 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் மூணாறு ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928இல்தான்.

என் தாத்தா பாட்டம் ஸ்டேஷனில் பெட்டி இறக்கியவர். பெட்டி தொங்கும் கொக்கியைத் தினமும் காலையில் தட்டிப் பார்ப்பார்கள் என்று சொல்வார். வடத்துக்கு எண்ணெய் போடுவது, கப்பி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது என எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. சரக்கு விழுந்தால் நஷ்டம் என்பதால் அது விழாமல் இருக்க ஓர் ஏற்பாடு இருந்தது. ஆனால் உயரத்தில் வேலை செய்யும் மனிதனுக்கு ஒரு கொக்கி என்பது அந்தக் காலத்தில் பரவலான வழக்கமாக இல்லை. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் "பார்த்துச் செய்" என்ற ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தைக்குப் பதிலாகப் பலகையும் கம்பியும் வலையும் எப்படி வந்தன என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் சாரம். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. விமானம் ஏறக்குறைய 60 மீட்டருக்கு மேல் உயரம். பக்கத்தில் உள்ள சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து மண்ணால் சாய்தளம் அமைத்துத்தான் கல்லை மேலே ஏற்றினார்கள் என்பது அந்தப் பக்கத்துச் செவிவழிச் செய்தி. அது எவ்வளவு நிஜம் என்பது ஆராய்ச்சியாளர்கள் விவாதிக்கும் விஷயம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது ஒன்று உண்டு. ஆளை அந்தரத்தில் நிறுத்தாமல் தரையையே உயர்த்திக் கொடுப்பது என்ற யோசனை அதில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு வந்த பாதுகாப்புச் சட்டங்கள் முதலில் சொல்வதும் ஏறத்தாழ அதுதான். காலுக்கடியில் உறுதியான தளம் இருக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த சாரம் சவுக்குக் கம்பும் கயிறும். பழைய வீடுகளின் சுவரில் வரிசையாகச் சின்னச் சதுர ஓட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறுக்குக் கட்டையின் ஒரு முனையைச் சுவரில் செருகி, மறுமுனையை வெளியே நட்ட கம்பில் கட்டுவார்கள். அதன்மேல் பலகை. சரியாகக் கட்டினால் நல்ல சாரம்தான். கட்டுகிற ஆளுக்கு அது ஒரு தனிக் கலை. ஆனால் கயிற்றுக்கு ஒரு குணம் உண்டு. தென்னங்கயிறும் சணல் கயிறும் நனைந்தால் இறுகும், காய்ந்ததும் தளர்ந்துவிடும். நேற்று மழையில் நின்ற சாரம் இன்று வெயிலில் நேற்றைய சாரம் இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

நம் பக்கத்துப் பெரிய கட்டுமானம் முல்லைப் பெரியாறு அணை. 1887இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறந்தார்கள். ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரம். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு, யானையும் புலியும் உலவிய காட்டில் கட்டினார்கள். பென்னிகுயிக் பெயரில் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறோம். அது நியாயம்தான். அந்தச் சுவரின்மேல் நின்று கல் அடுக்கியவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? ஒரு கட்டடத்தைக் கட்டியவர் என்று நாம் சொல்லும்போது, கட்டச் சொன்னவரைத்தான் சொல்கிறோம்.

இனி கொஞ்சம் வெளிநாடு போய்வருவோம்.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. நியூயார்க் நகரத்துக்கு மேலே, அந்தரத்தில் ஓர் இரும்புத் தூண்மேல் 11 தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 1932 செப்டம்பர் 20ஆம் தேதி, ராக்பெல்லர் சென்டர் கட்டடத்தின் 69ஆவது மாடியில் எடுத்தது. அந்தக் கட்டடத்தின் விளம்பரத்துக்காக ஏற்பாடு செய்து எடுத்த படம் அது. ஆனால் தூணும் உயரமும் ஆட்களும் நிஜம். ஒருவர் இடுப்பிலும் பெல்ட் இல்லை. "தைரியம்" என்று தலைப்புப் போட்டு அனுப்புகிறோம். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பாலம் கட்டுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர். சிமெண்ட், இரும்பு மாதிரி அதுவும் ஒரு செலவு.

அந்தக் கணக்கை மாற்றிக் காட்டியது சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். வேலை 1933 ஜனவரியில் ஆரம்பித்தது. செலவு 3½ கோடி டாலர். பழைய கணக்குப்படி 35 பேர் சாக வேண்டும். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ், பாலத்தின் தளத்துக்குக் கீழே முழு நீளத்துக்கும் கயிற்று வலை கட்டச் சொன்னார். பாலத்தின் அகலத்தைவிட இருபக்கமும் 10 அடி கூடுதலாக வலை நீட்டியிருந்தது. 1,30,000 டாலருக்கு மேல் ஆயிற்று. மொத்தச் செலவில் அரை சதவீதம்கூட இல்லை. தலைக்கவசம் போடாதவனுக்கு அங்கே வேலை இல்லை.

அந்த வலையில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். "நரகத்துக்குப் பாதி வழி போய்வந்தோர் சங்கம்" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கீழே வலை இருக்கிறது என்ற தைரியத்தில் வேலையும் வேகமாக நடந்தது. 1937 பிப்ரவரி வரை இறந்தது ஒரே ஒருவர். அப்புறம் பிப்ரவரி 17ஆம் தேதி 12 பேர் நின்றிருந்த ஒரு தொங்கும் சாரமே பிடுங்கிக்கொண்டு வலைமேல் விழுந்தது. மனிதனைத் தாங்கும் வலை, சாரத்தின் எடையைத் தாங்கவில்லை. கிழிந்து கடலில் விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். மொத்தம் 11 பேர். மே மாதம் பாலம் திறந்தது.

இந்த ஒரு பாலத்தில் இரண்டு பாடம் இருக்கின்றன. விழுவது விதி அல்ல, செலவு செய்து தடுக்கக்கூடிய விஷயம். சாரம் உறுதியாக இல்லாவிட்டால் கீழே எதைக் கட்டியும் பயன் இல்லை.

இதற்கு ஐம்பது வருஷம் முன்னால், ஸ்காட்லாந்தில் போர்த் ரயில் பாலம் கட்டியபோது கீழே ஆற்றில் படகுகளை நிறுத்தி வைத்தார்கள். விழுந்தவர்களில் 8 பேரை அந்தப் படகுகள் தூக்கின. 1890இல் பாலம் திறந்தது. இறந்தவர்கள் 73 பேர் என்று உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் பல வருஷம் தேடி, பெயர் பெயராகக் கண்டுபிடித்து நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். படகு என்பது விழுந்த பிறகு செய்யும் உதவி. வலை என்பது விழுந்தாலும் அடிபடாமல் செய்வது. கைப்பிடி என்பது விழவே விடாமல் செய்வது. மனிதர்கள் இந்த வரிசையில் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்திருக்கிறார்கள். 2005இல் இங்கிலாந்து கொண்டுவந்த உயரப் பணி விதிகள் இதை அப்படியே சட்டமாக்கின. முதலில், உயரத்தில் செய்யாமல் தரையிலேயே செய்ய முடியுமா என்று பார். முடியாதென்றால் விழாமல் இருக்கத் தளமும் தடுப்பும் வை. அதுவும் முடியாதென்றால்தான் வலையும் பெல்ட்டும்.

பெல்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "பெல்ட் வாங்கிக் கொடுத்துட்டேன் சார், இனிப் பயமில்லை" என்று சில மாணவர்கள், இப்போது காண்ட்ராக்டர்கள், சொல்கிறார்கள். பழைய இடுப்புப் பெல்ட் விழுகிறவனின் முழு எடையையும் வயிற்றில் இறுக்கும். தரையில் அடிபடாமலே உள்ளுறுப்பு கிழிந்து சாகலாம். அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் விழுகிறவரைத் தாங்க இடுப்புப் பெல்ட் கூடாது என்று தடையே போட்டுவிட்டார்கள். இப்போது வருவது தொடை, தோள், நெஞ்சு எல்லாவற்றையும் சுற்றிக் கட்டும் முழு உடல் பெல்ட். கொக்கி முதுகில் இருக்கும். கயிற்றில் ஒரு பை போல மடித்துத் தைத்திருப்பார்கள். விழும்போது அந்தத் தையல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

இங்கேதான் கணக்கு வாத்தியாரையும் கூட்டிவர வேண்டும். கயிறு 6 அடி. தையல் பிரிந்து நீள்வது 3½ அடி. முதுகுக் கொக்கியிலிருந்து பாதம் வரை 5 அடி. மேலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். கொக்கி மாட்டும் உயரத்திலிருந்து தரைவரை மொத்தத்தில் 17, 18 அடி இருந்தால்தான் அந்தப் பெல்ட் காப்பாற்றும். தலைக்கு மேலே கொக்கி மாட்டினால் விழும் தூரம் குறையும். காலடிச் சாரத்திலேயே மாட்டிக்கொண்டு 12 அடி உயரத்தில் நிற்பவன், பெல்ட்டோடு போய்த் தரையில் மோதுவான். நம் ஊரில் கட்டும் ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்கு முதல் பாதுகாப்பு பெல்ட் அல்ல. அகலமான தளமும் இடுப்பளவுக் கைப்பிடியும்தான்.

இன்னொரு கணக்கு. 12 அடியிலிருந்து விழுகிறவன் தரையைத் தொட ஒரு நொடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். பைக்கில் அந்த வேகத்தில் சுவரில் மோதுவது போல. ஒரு நொடிக்குள் எதைப் பார்த்து, எதைச் செய்வது?

நம் நாட்டுச் சட்டம் எப்படி வந்தது என்பதையும் பார்ப்போம். மூணாறு ரயில் வெள்ளத்தில் போன அதே 1924 ஜூலையில், 1ஆம் தேதி, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது விழுந்த பிறகு பணம் தருவதற்கான சட்டம். 1948இன் தொழிற்சாலைச் சட்டம் ஆலைக்குள் இருப்பவரைப் பாதுகாத்தது. கட்டடத் தொழிலாளிக்கு ஆலையும் இல்லை, நிரந்தர முதலாளியும் இல்லை. இன்று ஒரு வீடு, அடுத்த மாதம் வேறு வீடு. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் அமைந்தது. நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று 1985இல் ஒரு தேசியப் பிரச்சாரக் குழு தொடங்கியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் அதற்குத் தலைவர். தமிழகத்துக் கட்டடத் தொழிலாளர் சங்கங்களும் அதில் நின்றன. பத்து வருஷத்துக்கு மேல் மனு, ஊர்வலம், பேச்சுவார்த்தை. கடைசியில் 1996இல் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. 1998இல் மத்திய விதிகள் வந்தன. சாரம் எப்படி இருக்க வேண்டும், ஏணி எப்படி இருக்க வேண்டும், திறந்த ஓரங்களை எப்படி அடைக்க வேண்டும், வலையும் பெல்ட்டும் எப்போது வேண்டும் என்று அதில் விவரமாக இருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குச் சட்டம் பொருந்தவில்லை. தான் குடியிருக்க 10 லட்சத்துக்குள் வீடு கட்டுகிறவருக்கும் பொருந்தவில்லை. 2020இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டத்தில் இந்தத் தொகை 50 லட்சம். போடியில், குரங்கணியில், தேவாரத்தில், சின்னமனூரில் நீங்களும் நானும் கட்டுகிற பெரும்பாலான வீடுகள் அந்த வாசல் வழியாக வெளியே போய்விடுகின்றன. அங்கே அதிகாரி வரமாட்டார். அங்கே ஸ்ட்ராஸ் யார்? வீட்டுக்காரர்தான்.

இப்போது என் கதை.

1998இல் போடியில் என் வீட்டைக் கட்டினேன். பி.எப். கடன், மனைவியின் நகை, சீட்டுப் பணம். ஒவ்வொரு ரூபாயையும் நோட்டில் எழுதினேன். கொத்தனார் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பில் கணக்கில் போனான், கையில் வேலை நன்றாக வந்தது. அவனுக்கு அப்போது முப்பது வயதுக்குள். நம் சார் வீடு என்று மற்ற வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு வந்தான்.

ஐப்பசி மாதம். முன்பக்கச் சன்ஷேடுக்கு மேலே பூச்சு மட்டும் மிச்சம். இரண்டு நாள் மழை, மூன்றாம் நாள் நல்ல வெயில். காலையில் வந்து சாரத்தைப் பார்த்தவன் என்னிடம் வந்து நின்றான்.

"சார், பலகை ரெண்டுதான் இருக்கு. இன்னொண்ணு வேணும். கயித்தையும் ஒருதரம் அவுத்துக் கட்டணும். பின்னாடி சாஞ்சுக்க ஒரு குறுக்குக் கம்பு போட்டுட்டா நல்லது. நூத்தம்பது ரூபா ஆகும் சார், அரை நாள் வேலையும் போகும்."

நோட்டைப் பார்த்தேன். "ரெண்டு நாள் வேலைதானப்பா. இருக்கறத வச்சுப் பார்த்துச் செய்" என்றேன்.

"சரிங்க சார்" என்று ஏறிவிட்டான். வாத்தியார் சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

பதினோரு மணி இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வெயிலில் கயிறு தளர்ந்து, குறுக்குக் கட்டை இறங்கி, பலகை நழுவியிருக்கிறது. பிடிக்க ஒன்றும் இல்லை. 12 அடி. கீழே ஜல்லி. கலவை சுமந்துகொண்டு வந்த சித்தாள் அம்மா ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறார். முதுகெலும்பில் அடி, வலது குதிகால் நொறுங்கிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தான். செலவை நான் கொடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நூற்றைம்பது ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அவன் நல வாரியத்தில் பதிவும் செய்திருக்கவில்லை. அப்படி ஒரு வாரியம் இருப்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது. டெல்லியில் சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வரலாற்று வாத்தியாருக்கு அதுவும் தெரியாது.

அவன் நடந்தான். ஆனால் மறுபடி சாரத்தில் ஏறவில்லை. ஏலக்காய்க் கடை ஒன்றில் இரவுக் காவலுக்கு இருந்தான். அவன் மனைவி ஏலக்காய் தரம் பிரிக்கப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். இருபது வருஷத்துக்கு மேல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நல்லா இருக்கீங்களா சார்" என்று அவன்தான் முதலில் கேட்பான். ஒருதரம்கூட அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை. ஊரில் கேட்டவர்களிடம் "கவனக்குறைவா இருந்துட்டேன்" என்று சொன்னானாம். அதை மறுத்து நான் எங்கேயும் பேசவில்லை. இன்றைக்குப் பேசுகிறேன். அவன் கவனமாகத்தான் இருந்தான். கவனமாக இருந்ததால்தான் காலையில் வந்து கேட்டான். கவனக்குறைவு என்னுடையது.

எழுதலாமா என்று அவனிடம் போய்க் கேட்டேன். "பேரு வேண்டாம் சார். மத்தபடி எழுதுங்க. நாலு பேருக்கு உபயோகப்படும்" என்றான்.

இன்னொரு மாணவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரங்கணிப் பக்கத்துப் பையன். சிங்கப்பூரில் கட்டட வேலையில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தான். அங்கே வேலைக்குச் சேரும் முன்பே பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு கட்டாயம். நம் ஆட்கள் தமிழிலேயே படிக்கலாம். 2013இல் வந்த விதிகளின்படி, 3 மீட்டருக்கு மேல் இருந்து விழக்கூடிய வேலை என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் ஏற முடியும். "கொக்கி மாட்டாம ஏறுனா அன்னிக்கே எறக்கிவிட்ருவாங்க சார்" என்றான். அதே பையன் இங்கே வந்து, மூன்று மாடி உயரத்தில் செருப்போடு நின்று பெயிண்ட் அடிக்கிறான். ஏனப்பா என்று கேட்டேன். "இங்க யாரு சார் தர்றா?" என்றான். ஆள் அதேதான், கையும் காலும் அதேதான். அங்கே அவனுக்குக் கைப்பிடி கிடைத்தது, இங்கே "பார்த்துச் செய்" கிடைக்கிறது.

எனவே, வீடு கட்டும், கட்டப்போகும் பிள்ளைகளே, உறவுகளே, வாத்தியாராக இல்லாமல் தப்புச் செய்த ஒரு வீட்டுக்காரனாகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

காண்ட்ராக்ட் பேசும்போது சாரத்துக்குத் தனி வரி எழுதி, தனித் தொகை போடுங்கள். மொத்தத் தொகைக்குள் போட்டால் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது அதுதான்.

நிற்கும் தளத்தில் பலகைகள் இடைவெளி இல்லாமல், இரண்டு முனையும் கட்டி இருக்கட்டும். ஒற்றைப் பலகையில் யாரையும் ஏற்றாதீர்கள்.

வெளிப்பக்கம் இடுப்பளவில் ஒரு குறுக்குக் கம்பு, முழங்கால் அளவில் இன்னொன்று. அடியில் ஒரு பலகையை நிறுத்திக் கட்டினால் செங்கல் கீழே நிற்பவர் தலையில் விழாது.

மழை பெய்து வெயில் வந்தால், அன்று முதல் வேலை கயிற்றைப் பார்ப்பது. இரும்புச் சாரம் என்றால் கால்களுக்கு அடியில் பலகை போட்டு, மண் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் சாய்த்து வையுங்கள். மேலே 3 அடி நீட்டிக்கொண்டிருக்கட்டும். இறங்கும்போது பிடிக்க அதுதான்.

மாடித் தளம் போட்டதும் கைப்பிடிச் சுவர் வரும்வரை ஓரத்தில் கம்பு கட்டி அடையுங்கள். மாடிப்படிக்கு விட்ட திறப்பையும் மூடுங்கள். அங்கே தொழிலாளி மட்டும் இல்லை, வீடு பார்க்க வரும் நம் குழந்தைகளும் விழுவார்கள்.

வேலைக்கு வருகிறவர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் படித்த நீங்கள் உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள். ஒரு மணி நேர வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேஸ்திரியோ கொத்தனாரோ சித்தாளோ "இது சரியில்லைங்க" என்று வந்து நின்றால், அந்த நிமிஷம் வேலையை நிறுத்துங்கள். நம்மிடம் வந்து அப்படிச் சொல்ல அவர்களுக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சொன்ன பிறகும் நாம் ஏற்றிவிட்டால், அப்புறம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சித்திரையில் மகளுக்காக மாடியில் ஒரு அறை எடுத்தோம். சாரத்துக்குத் தனியாகப் பணம் வைத்தேன். சுற்றிலும் கைப்பிடி கட்டினார்கள். முதல் நாள் அவனைக் கூப்பிட்டு வந்தேன். மெதுவாக நடந்து வந்தான். கம்புகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். ஓர் இடத்தில் கட்டு சரியில்லை என்று அவிழ்த்துக் கட்டச் சொன்னான். சின்னப் பையன்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் கட்டினார்கள். வேலை முடியும்வரை தினமும் காலையில் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, சாரத்தைப் பார்த்துவிட்டுப் போனான். கூலி கொடுத்தேன். வேண்டாம் என்றான். வேலை பார்த்ததற்குக் கூலி என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

வீட்டுப் படம் போட்ட அந்த மாணவனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தம்பி, வீடு ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. நாளைக் காலையில் அந்த இரண்டு பேரையும் கீழே இறக்கி, இன்னும் பலகை வாங்கிப் போட்டு, கைப்பிடி கட்டிக்கொடுத்துவிட்டு ஏற்று. செலவு அதிகமானால் என்னிடம் கேள். உண்மையாகவே சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்
போடிநாயக்கனூர்